பேர் ஒட்டாத டப்பா

எங்கள் வீட்டுக்கும் டர்னர் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே யாராவது தும்மினால் இங்கே என் தையல் மெஷினை மீறிக் கேட்கும். அவர் லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் டர்னர் வேலை பார்த்தவர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும், தபால்காரருக்குக்கூட அது ஞாபகமில்லை. அவருடைய மனைவி தெருமுனை டாக்டரின் கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள், அதனால் அவள் எல்லோருக்கும் கம்பவுண்டரக்கா. ஒரே மகள். மருமகன் சரக்குக் கப்பலில் வேலை, ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கரை. தனியாக ஒரு வீடு எதற்கு என்று மகள் பெற்றோருடனேயே இருந்தாள். நான் சொல்லப்போகிற மழைக்காலம் தொடங்கும்போது அவளுக்கு ஐந்தாம் மாதம் முடிந்திருந்தது.

அதற்கு முந்திய கோடையில் பட்டறையில் ஒரு விபத்து. டர்னருக்குப் பக்கத்து மெஷினில் நின்றவரும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டப்பாவில் கைபோட்டுச் சாப்பிடுகிற சிநேகம். அன்றைக்கு அந்த மனுஷன் முழுக்கைச் சட்டையை மடித்துவிட மறந்துவிட்டார். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் சட்டை நுனி சிக்கியது. டர்னர் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார். அணைத்தாலும் சக் உடனே நிற்காது, அதன் கனத்திலேயே நாலைந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் ஓயும். முழங்கைக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. ஆள் பிழைத்துக்கொண்டார். டர்னர்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார், ரத்தச் சட்டையோடு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றபடியே அதைக் கழற்றிச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

பத்து நாள் கழித்து அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் டம்ளரில் தெரிந்தது. பிறகு சவரத்தில். முகத்தில் இரண்டு மூன்று இடத்தில் காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போவார். லேத் வேலையில் கைதான் முதல். ஒரு தண்டை மயிரிழை கூடாமல் குறையாமல் கடைந்து, மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவு பார்க்க வேண்டும். பிடிக்கிற கை உதறினால் அளவு எங்கே நிற்கும்? முதலாளி நல்லவர், துரத்தவில்லை. ஆனால் மெஷினிலிருந்து விழுகிற இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளுகிற வேலையைக் கொடுத்துவிட்டார். இருபத்தாறு வருஷத்துக்கு அப்புறம் துடைப்பம்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாப் பரிசோதனையும் பண்ணினார்கள். நரம்பில் கோளாறு இல்லை, தலையில் கோளாறு இல்லை என்று கைவிரித்துவிட்டு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டால் நின்ற இடத்திலேயே கண் சொக்கும். மெஷின் ஓடுகிற இடத்தில் தூங்கி விழுந்தால் இன்னொரு கை போகும் என்று சொல்லி அவரே நிறுத்திவிட்டார்.

கடைசியில் தெருமுனை டாக்டரிடமே போனார். அவரைக் கைராசிக்காரர் என்பார்கள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாலே பாதி நோய் இறங்கிவிடும் என்று சொல்லாதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. அன்றைக்கு அவர் டர்னரை அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். முட்டியில் தட்டி, கண்ணில் விளக்கடித்து, விபத்தை முழுக்கக் கேட்டு, பிறகு நரம்புக்கு நேராகப் போகிற புது மருந்து ஒன்று வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, வெறும் வயிறு, விழுங்கிய பிறகு அரைமணி நேரம் படுக்கக் கூடாது. தூக்கம் வருமா என்று டர்னர் கேட்டதற்கு, பச்சைக் குழந்தைக்குக்கூடத் தரலாம், அவ்வளவு சாது என்றாராம்.

மூன்றே வாரம். டர்னர் டம்ளரை விளிம்புவரை நிரப்பி, ஒற்றைக் கையால் எங்கள் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து காட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. மறுபடி மெஷினில் நிறுத்தினார்கள். "கம்பவுண்டரைக் கட்டிக்கிட்டதுக்கு இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரு பிரயோஜனம்" என்று தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் சரியாக உட்காரவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஏன் என்பது பிறகு ஒருநாள் மத்தியானம் தெரிந்தது. கிளினிக்கில் போடுகிற வெள்ளைக் கோட்டுக்குப் பை கிழிந்துவிட்டதென்று எடுத்து வந்தாள். நான் தைத்துக்கொண்டிருக்கும்போது எதையோ எடுத்துக் கீழே வைப்பதுபோல மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மருந்து அறையில் மூன்றாவது தட்டில் ஒரு டப்பா இருக்கிறது. மற்ற டப்பாவுக்கெல்லாம் பெயர் ஒட்டியிருக்கும், அதற்கு இல்லை. உள்ளே இருப்பது பால்சர்க்கரையும் மாவும் சேர்த்து அழுத்திய வில்லை. மருந்து என்று ஒரு துளி கிடையாது. டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். உன் வீட்டுக்காரருக்கு உடம்பில் ஒன்றும் இல்லை, அந்தச் சக் அவர் மனசுக்குள் இன்னும் நிற்கவில்லை. நிஜ மருந்து கொடுத்தால் மயக்கம் வரும், மெஷினில் ஆபத்து. இதைக் கொடுத்தால் குணமாகும் என்று நம்பினால் குணமாகும். சொல்லிவிட்டால் மருந்து செத்துப்போகும். எடுத்துக் கொடுக்கிறவள் நீ என்பதால் உன்னிடம் மறைக்க முடியாது, அதனால்தான் சொல்கிறேன்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"தலையை ஆட்டினேன். வேற என்ன செய்ய? துடைப்பத்தோட அவரைப் பாத்துட்டு வந்திருந்தேன் அன்னிக்கு."

"குணமாயிடுச்சே அக்கா. அப்புறம் என்ன?"

அவள் கோட்டுப் பையில் விரலை விட்டுத் தையலைச் சோதித்துக்கொண்டே சொன்னாள். "சோறு போடும்போது முகத்தப் பாத்துப் போடறேன். இந்த மாத்திரை பாட்டில நிரப்பி நீட்டும்போது மட்டும் சுவத்தப் பாக்கறேன். அவரு இன்னும் கவனிக்கல."

யாரிடமும் சொல்லாதே என்றாள். நான் சொல்லவில்லை. அந்த ரகசியம் எனக்கு ஒரு வேடிக்கையாகக்கூட இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. டர்னர் கடிகாரத்தைப் பார்த்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அரைமணி நேரம் படுக்காமல் காத்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது எனக்குள் சிரிப்பு வரும்.

மழை அந்த வருஷம் விடவேயில்லை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை இல்லை. காலையில் பிடித்தால் சாயங்காலம்வரை ஒரே சீராக நசநசவென்று. துவைத்த துணி மூன்று நாள் கொடியில் கிடந்து நாற்றமெடுக்கும். என் வீட்டில் துணிக்கட்டுகளின் அடியில் பூஞ்சை பூத்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். கிளினிக் வாசலில் குடையும் இருமலுமாகக் கூட்டம் நின்றது. கம்பவுண்டரக்கா காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு வாய் ரொட்டி தின்னவும் வீட்டுக்கு வரமாட்டாள். இருட்டியபின் வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள்.

மகள் பகல் முழுக்க என் வீட்டில் இருப்பாள். எனக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற வேலை நெருக்கியது. அவள் பித்தான் தைத்துக் கொடுப்பாள். கப்பலில் இருப்பவன் எந்தத் துறைமுகத்திலிருந்து பேசினான், அங்கே என்ன வெயில் என்றெல்லாம் கதை சொல்லிக்கொண்டே தைப்பாள். எட்டாம் மாதத்தில் அவளுடைய கால் வீங்க ஆரம்பித்தது. வயிற்றில் பிள்ளை இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும், எனக்கும் வீங்கியது. பிறகு விரல். மோதிரத்தைக் கழற்ற முடியாமல் சோப்பு போட்டு இழுத்தோம், வரவில்லை. அப்புறம் தலைவலி.

"பின்மண்டையில யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு அத்தை" என்றாள் ஒருநாள். அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். "அவங்களே நின்ன இடத்துல தூங்கறாங்க. நான் வேற எதுக்கு. வியாழக்கிழமை பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகணும், அப்ப சொல்லிக்கறேன்."

அன்றைக்குப் பட்டறையில் கரண்ட் இல்லை, டர்னர் வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டுக்குள் வந்தவர், மகள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு சட்டைப்பையிலிருந்து மாத்திரை பாட்டிலை எடுத்தார். அதை எப்போதும் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். ஒரு வில்லையைத் தன் உள்ளங்கையில் தட்டி, அந்தக் கை நடுங்காமல் இருப்பதை ஒரு கணம் பார்த்துக்கொண்டு, மகளிடம் நீட்டினார்.

"நரம்பு மாத்திர. தலைவலியும் நரம்புதான். பச்சப் புள்ளைக்கே குடுக்கலாம்னு டாக்டர் வாயால சொன்னது, உன் வயித்துல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் விழுங்கினாள். அரைமணி நேரம் கழித்து, ஆணி அடிப்பது நின்றுவிட்டது என்றாள். முகமே தெளிந்திருந்தது. அவளுக்கு அப்பா மேல் அவ்வளவு நம்பிக்கை, அப்பாவுக்கு அந்தப் பாட்டில் மேல்.

நான் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது வெறும் சர்க்கரை, ஒன்றுமில்லாததைத் தின்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன். வேறு ஏதாவது மாத்திரையாக இருந்தால் கையைப் பிடித்துத் தடுத்திருப்பேன், அக்காவிடம் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். ஒன்றுமில்லை என்று தெரிந்ததால்தான் சும்மா இருந்தேன். துணியைத் திருப்பிப் போட்டு அடுத்த தையலுக்குப் போனேன்.

அப்பா மாத்திரை, அப்பா மாத்திரை என்று அவள் எட்டு நாள் சாப்பிட்டாள். வியாழக்கிழமை வந்தது. நல்ல மழை. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதையில் முழங்கால் தண்ணீர். தலைவலிதான் அடங்கியிருக்கிறதே, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்று சாயங்காலம் அம்மா கேட்டதற்கு, எல்லாம் நல்லாயிருக்காம் என்று பொய் சொல்லியிருக்கிறாள், அம்மா கவலைப்படக் கூடாதென்று. மறுநாள் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் திணறினாள். கண்ணுக்கு முன்னால் பொறிபொறியாகப் பறக்கிறது அத்தை என்றாள். மங்கல் வெளிச்சத்தில் ஊசி பிடித்தால் அப்படித்தான் என்று சொல்லி, பித்தான் டப்பாவை வாங்கி வைத்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் முகம் உப்பியிருந்தது. தூக்கம் போதாமல் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அன்றைக்கும் பட்டறையில் கரண்ட் இல்லாமல் டர்னர் வீட்டில் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் உருண்ட சத்தம் கேட்டது. அடுத்தாற்போல் ஒரு சத்தம் வந்தது. அது குரலா மூச்சா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓடினேன். அவள் தரையில் கிடந்தாள். உடம்பு வில்லாக வளைந்து விறைத்து விறைத்து அடித்தது. பல்லுக்கு நடுவில் நாக்கு மாட்டி ரத்தம் வந்தது. டர்னர் அவளுடைய தலைக்குக் கீழே தன் இரண்டு கையையும் கொடுத்துத் தரையில் முட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

பட்டறை வேனைக் கூப்பிட்டேன். பின்னால் இரும்புத் தண்டுகளைத் தள்ளிவிட்டு, ஒரு மெத்தையை விரித்து அவளைக் கிடத்தினோம். முனையில் கிளினிக் வாசலில் வேன் நின்றதும் கம்பவுண்டரக்கா கோட்டோடு, கையில் யாருக்கோ மடித்த மருந்துப் பொட்டலத்தோடு வந்து ஏறினாள். ஏறியதும் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள், கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்தாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. இருபது வருஷம் கிளினிக்கில் நின்றவளுக்கு அந்தக் குழியிலேயே பாதி தெரிந்துவிட்டது. வழியில் இன்னொரு தடவை வலிப்பு வந்தது.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. ரத்த அழுத்தக் கருவி காட்டிய எண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி இரண்டு பேரைக் கூப்பிட்டாள். பிள்ளையை உடனே எடுக்க வேண்டும், வலிப்பை நிறுத்த ஊசி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கேட்டாள், இந்தப் பொண்ணு என்ன மருந்து சாப்பிடுது?

டர்னர் சட்டைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். "இது மட்டும்தாம்மா. தலைவலிக்குக் குடுத்தேன், எட்டு நாளா. நரம்பு மருந்து. நல்ல மருந்து, எனக்குக் கையே சரியாயிடுச்சு."

அக்கா அப்போதுதான் திரும்பினாள். அந்தப் பாட்டிலையும் மகளையும் அவள் ஒருசேரப் பார்த்தது எனக்குக் கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது.

டாக்டரம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலை ஒன்று மாலை ஒன்று என்று எழுதிய சீட்டு, வேறு எழுத்து இல்லை. "என்ன மருந்துன்னு பேர் வேணும். நரம்பைத் தணிக்கிற மருந்து உடம்புல இருக்கும்போது நாங்க போடற ஊசியும் மயக்க மருந்தும் சேந்தா மூச்சு நின்னுடும். யார் குடுத்தது? போன் பண்ணிக் கேளுங்க."

தெருமுனை டாக்டரின் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர் எடுக்கமாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னாள், அது வர நேரமாகும் என்று யாரோ சொன்னார்கள். தள்ளுப்படுக்கையில் மகளுடைய கை விரல்கள் மறுபடியும் மெல்ல மடங்க ஆரம்பித்தன.

"டாக்டரம்மா" என்றாள் கம்பவுண்டரக்கா. "அதுல மருந்தே இல்ல. பால்சக்கரையும் மாவும். நான்தான் டப்பாவிலிருந்து எடுத்துப் போடறேன். என் பொண்ணு உடம்புல ஒரு மருந்தும் இல்ல, நீங்க ஊசி போடுங்க."

"நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயமாத் தெரியும்."

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு ஆடி ஆடி நின்றது. டர்னர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. பாட்டிலை அவர் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போயிருந்தாள் டாக்டரம்மா. நாங்கள் மூன்று பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். முதலில் உள்ளிருந்த வில்லைகள் சத்தம் போட்டன. கிலுகிலுவென்று, மெதுவாக, பிறகு வேகமாக. அப்புறம்தான் கை நடுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது.

அவர் மனைவியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டிலை ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

ஒரு நர்ஸ் அச்சடித்த படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள். மயக்கம் கொடுத்து வயிற்றைக் கீறுவதற்குச் சம்மதம். நோயாளிக்கு நினைவில்லை, கணவன் கடலில், அப்பா கையெழுத்துப் போடலாம் என்றாள். கீழே பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டினாள். டர்னர் பேனாவை வாங்கவில்லை.

"என்ன எழுதியிருக்குன்னு படிங்கம்மா."

"வழக்கமா இருக்கறதுதாங்க. நேரமில்ல, போடுங்க."

"படிங்க. நல்லதை மட்டும் படிக்காம, எல்லாத்தையும் படிங்க."

அவர் குரலை உயர்த்தவில்லை. நர்ஸ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் படித்தாள். ரத்தப்போக்கு ஏற்படலாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம், மயக்க மருந்தால் மூச்சுத்திணறல் வரலாம், குழந்தை குறைமாதம் என்பதால் பிழைக்காமல் போகலாம், தாய்க்கு உயிராபத்து நேரலாம். ஒவ்வொன்றுக்கும் டர்னர் தலையசைத்தார். முடிந்ததும் வேறு எதையாவது விட்டுவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றாள். பிறகு இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் பெயரை நான் முதல்முதலாக அப்போதுதான் பார்த்தேன். கோடு கோணலாக ஓடியதில் படிக்க முடியவில்லை.

பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மகளுக்கு மூன்று நாள் நினைவு வரவும் போகவுமாக இருந்தது. இன்னும் ஒருமணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டாக்டரம்மா எங்களிடம் சொன்னாள். வியாழக்கிழமையே வந்திருந்தால் இவ்வளவுக்கும் வந்திருக்காது என்றும் சொன்னாள். ரத்த அழுத்தம் ஏறுகிறதென்பதற்குத் தலைவலிதான் முதல் எச்சரிக்கை, அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள்.

நான்காம் நாள் மாடிப்படியில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம். நான் கொண்டுபோன ரொட்டியும் அவித்த முட்டையும் பிரிக்காமலே கிடந்தன. அதற்குமேல் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் மாத்திரை சாப்பிட்டதை முதல் நாளே பார்த்தேன், எட்டு நாளும் பார்த்தேன், உங்களிடம் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் படியையே பார்த்தபடி, "ஒண்ணும் ஆகாதுன்னுதானே சும்மா இருந்தே" என்றாள். "நானும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சும்மா இருந்தேன்."

முட்டையை உரித்தாள். பாதியை எனக்குக் கொடுத்தாள். தின்ன முடியவில்லை, தின்றேன்.

குழந்தை பெட்டியிலிருந்து வெளியே வர இருபத்துநாலு நாளாயிற்று. அவர்கள் வீட்டுக்கு வந்த மறுநாள் தெருமுனை டாக்டர் வந்தார். கூப்பிடாமல் தானாகவே வந்தார், நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். மகளுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். கெட்ட மனுஷன் என்று அவரை நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

நீங்கள் பெண்ணுக்குக் கொடுப்பீர்கள் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை என்றார் டர்னரிடம்.

"மருந்துன்னு சொன்னீங்க, நம்பினேன்" என்றார் டர்னர். "நல்ல மருந்துன்னு நம்பினவன் பெத்த பொண்ணுக்குக் குடுக்காம யாருக்குக் குடுப்பான்?"

டாக்டர் கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "உங்க கை நின்னுச்சா இல்லையா? அது பொய்யில்லையே. தூக்க மாத்திரை குடுத்து உங்களை மெஷின் முன்னால நிறுத்த எனக்கு மனசு வரல. உங்களுக்குக் கெடுதல் பண்ணணும்னு ஒரு நிமிஷம் நினைச்சிருப்பேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சார்."

"கேட்டிருந்தா வேலை செஞ்சிருக்காது."

"வேலை செய்யாம போயிருக்கட்டும். என் கைதானே." அந்தக் கையை மடிமேல் வைத்து மற்றக் கையால் மூடியிருந்தார். மூடியதற்குக் கீழே அது துடித்துக்கொண்டிருந்தது. "அந்த டப்பாவுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்குக்கூடத் தெரியும். முழுங்கினவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. நான் முதுகை நிமித்தி அரைமணி நேரம் உக்காந்திருந்தேன் சார், தினமும் ரெண்டு வேளை."

எனக்கும் தெரியும் என்பதை அக்காவே அவரிடம் சொல்லியிருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. டாக்டர் எழுந்தார். குடையை எடுக்கும்போது கம்பவுண்டரக்கா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள், திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறேன், ஆனால் அந்தப் பேர் இல்லாத டப்பாவிலிருந்து இனி என் கையால் எடுக்கமாட்டேன்.

அதை நிறுத்தினால் அந்த டப்பா வில்லையைச் சாப்பிடுகிற மற்றப் பதினாலு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டார் டாக்டர். தூக்கம் வராத கிழவர், மூச்சு அடைக்கிறதென்று வருகிற டீச்சர். அவர்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களே.

"அவங்ககிட்ட கேளுங்க சார்" என்றாள்.

அவர் கேட்கவில்லை. டப்பாவையும் எடுக்கவில்லை. இப்போது அவரே உள்ளே போய் எண்ணிப் போட்டுக்கொண்டு வந்து கொடுக்கிறார். அக்கா அந்த நேரத்தில் வெளியே வந்து வரிசையைச் சரிபண்ணுவதுபோல நிற்கிறாள். பதினாலு பேர் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். தெருவில் எதிரே வருகிறவர்களில் சிலரைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொள்வதை நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் யாருக்காவது தலைவலியா, நெஞ்சுவலியா என்று போகிற போக்கில் கேட்பாள். இவளுக்கு என்ன திடீர் அக்கறை என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

டர்னரால் மறுபடி லேத்தில் நிற்க முடியவில்லை. துளை போடுகிற மெஷினில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் நெம்புகோலை அழுத்திப் பிடித்துக்கொண்டால் நடுக்கம் அதற்குள் அடங்கிவிடும். நாளெல்லாம் ஒரே அளவில் ஓட்டை. வீட்டில் சண்டை ஒன்றும் கிடையாது. அவர் ஒருநாளும் மனைவியைத் திட்டி நான் கேட்டதில்லை. மகள் எழுந்து நடமாடுகிறாள். கப்பலிலிருந்து அவன் வந்து பார்த்துவிட்டுப் போனான், அவனிடம் எதையும் மறைக்காமல் சொன்னார்கள். குழந்தைக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது.

ஒரே ஒரு விஷயம். குழந்தைக்குத் தைத்த சட்டையை அளவு பார்க்க ஒரு சாயங்காலம் அங்கே போயிருந்தேன். கம்பவுண்டரக்கா டீ கொண்டுவந்து எனக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், "இதுல என்ன இருக்கு?" என்றார்.

விளையாட்டாகக் கேட்கிறார் என்று நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"தண்ணி" என்றாள் அக்கா, அவர் முகத்தை நேராகப் பார்த்து. "டீத்தூள். பால். ஒரு கரண்டி சக்கரை."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் இப்படித்தானாம், சோற்றுக்கும் கேட்பார், குழந்தைக்கு ஊற்றுகிற சொட்டு மருந்துக்கும் கேட்பார். அவளும் கேட்கிற போதெல்லாம் சலிக்காமல் சொல்கிறாள். சில நாள் கேட்டுவிட்டுக் குடித்துவிடுவார். சில நாள், அன்றைக்கு நான் பார்த்ததுபோல, டம்ளரைக் கீழே வைத்துவிடுவார். அவள் அங்கேயே நிற்பாள். டீ ஆறி, மேலே ஆடை படியும்வரை நிற்பாள்.